கேட்டதற்கு மட்டும் விடை சொல்லப் பழகுவோம்

 

அரையாண்டுத் தேர்வு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்திருந்த நேரம். ஒருநாள் மஃரிப் தொழுகைக்குப் பின், பத்தாம் வகுப்பில் படிக்கும் தம் மகளை அழைத்துக்கொண்டு ஒரு தாய் நமது மதரஸாவுக்கு வந்தார். அந்தப் பிள்ளை நம்மிடம் ஓதியவள். அம்ம ஜுஸ்உ முழுவதையும் மனனம் செய்தவள். வாப்பா சவூதியில் வேலை செய்கிறார். தாயின் கையில் ஆங்கிலத் தேர்வின் விடைத்தாள் இருந்தது. நூற்றுக்கு 43 மதிப்பெண்.

"எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டுத்தான் போனா ஹஜ்ரத். ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்து படிச்சா. பக்கம் பக்கமா எழுதியும் இருக்கா. ஆனா மார்க்கு வரலை. பதினொண்ணுல சயின்ஸ் குரூப் கிடைக்காட்டி படிச்சது போதும், வீட்டோட இருக்கட்டும்னு இவ வாப்பா போன்ல சொல்றாங்க" என்றார் அந்தத் தாய். பிள்ளை தலைகுனிந்து நின்றாள்.

ஆங்கிலத்தில் நமக்குப் பெரும் புலமை கிடையாது. ஆயினும் பத்தாம் வகுப்புப் பாடநூலைப் படித்து விளங்கிக்கொள்ளும் அளவுக்கு அல்லாஹ் அறிவைத் தந்திருக்கிறான். விடைத்தாளைப் புரட்டிப் பார்த்தோம். இரண்டு மதிப்பெண் வினாக்களில் முதலாவது, அயர்லாந்து எழுத்தாளர் லியாம் ஓ'ஃப்ளாஹெர்ட்டியின் 'ஹிஸ் ஃபர்ஸ்ட் ஃப்ளைட்' என்னும் கதையைப் பற்றியது. அந்தக் கடற்பறவைக் குஞ்சு முதலில் ஏன் பறக்கவில்லை என்பதே கேள்வி. பிள்ளை பதினான்கு வரிகள் எழுதியிருந்தாள். குஞ்சு பாறை விளிம்பில் தனியாக இருந்தது, அண்ணன்மாரும் தங்கையும் முந்தின நாளே பறந்துவிட்டனர், தாயும் தந்தையும் கூப்பிட்டார்கள், ஏசினார்கள், பசி வாட்டியது, தாய் மீன் துண்டைக் கொண்டுவந்து காட்டியது, குஞ்சு அதை நோக்கிப் பாய்ந்தது, சிறகு விரிந்தது, பறந்தது. கதை முழுவதும் இருந்தது. ஏன் பறக்கவில்லை என்பதற்கான காரணம் மட்டும் இல்லை. திருத்தியவர் இரக்கப்பட்டு ஒரு மதிப்பெண் இட்டிருந்தார்.

இலக்கியப் பகுதியின் ஆறு குறுவினாக்களுக்கும் இதே நிலைதான். எல்லாவற்றையும் கடந்து கடைசிப் பக்கத்துக்கு வந்தோம். கொடுக்கப்பட்ட ஒரு பத்தியைப் படித்து, அதிலிருந்தே விடையை எடுத்து எழுதவேண்டிய எட்டு மதிப்பெண் வினா. மனப்பாடமே தேவைப்படாத வினா. அதற்கு எண் மட்டும் இடப்பட்டிருந்தது. கீழே வெறும் தாள்.

"ஏம்மா இதை விட்டுட்டே?"

"நேரம் இல்லை ஹஜ்ரத். பெல் அடிச்சிருச்சு."

விடைத்தாளை மூடி வைத்துவிட்டுத் தமிழில் கேட்டோம். "சரி, அந்தக் குஞ்சு ஏன் பறக்கலை? சொல்லு."

அவள் சற்றும் யோசிக்கவில்லை. "பயம் ஹஜ்ரத். கீழே கடலைப் பார்த்துச்சு. சிறகு நம்மளைத் தாங்காதுன்னு நெனச்சுக்கிச்சு."

அவளுக்குத் தெரிந்தே இருந்தது! இரண்டு மதிப்பெண்ணுக்கு உரிய முழு விடையும் அவள் நாவின் நுனியில் இருந்தது. அதைத் தாளில் இறக்கி வைக்கத்தான் அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பழக்கத்தை அவளுக்குள் விதைத்தவர்களில் நாமும் ஒருவர் என்பதே அதற்குக் காரணம்.

முதலிலிருந்து ஓதும் பழக்கம்

மக்தபில் ஓதிக்கொடுப்போர் அனைவரும் அறிந்த ஒரு காட்சி உண்டு. ஒரு சிறு பிள்ளையிடம், இந்த சூராவின் மூன்றாம் ஆயத்தை ஓது என்று சொல்லுங்கள். பிள்ளை விழிக்கும். பிறகு முதல் ஆயத்திலிருந்து தொடங்கி வேகமாக ஓதிக்கொண்டு வந்து, மூன்றாம் ஆயத்தையும் கடந்து, இறுதிவரை ஓடி முடித்துத்தான் நிற்கும். இடையில் தொடங்கவும் தெரியாது. இடையில் நிற்கவும் தெரியாது. மனனம் கயிறுபோல ஒரே இழையாக உள்ளே சுற்றப்பட்டிருக்கிறது. ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முழுவதும் அவிழ்ந்து வரும்.

குர்ஆனை மனனம் செய்வது வணக்கம். அதன் ஒவ்வோர் எழுத்துக்கும் நன்மை உண்டு. அதில் குறைகாண நமக்கு நாவில்லை. ஆனால் அதே முறையை அப்படியே தூக்கிக்கொண்டு போய், கேள்விக்கு விடை சொல்லவேண்டிய இடத்திலும் வைத்துவிடுகிறோமே, அதுதான் தவறு. நம் பிள்ளை ஆங்கிலத் தேர்வில் செய்தது அதைத்தான். கேள்வியில் 'கடற்பறவை' என்ற சொல்லைக் கண்டாள். கயிற்றின் முனை கைக்கு வந்துவிட்டது. நோட்ஸில் படித்ததை முதலிலிருந்து முடிவுவரை ஒப்பித்துவிட்டாள். கேள்வி என்ன கேட்டது என்பது அவள் காதில் விழவே இல்லை.

'நிறைய எழுதினால்தான் மார்க் போடுவார்கள்' என்ற எண்ணம் நம் வீடுகளில் வேரூன்றிப் போயிருக்கிறது. எத்தனை அடிஷனல் ஷீட் வாங்கினாய் என்று கேட்டுப் பெருமைப்படும் பெற்றோரை நாம் பார்க்கிறோம். நெடுவினாக்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். இரண்டு மதிப்பெண் வினாவுக்கோ அது பொருந்தவே பொருந்தாது. இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் அங்கே எதுவும் கிடையாது. இரண்டு வரியில் சரியான விடை எழுதியவருக்கும் இரண்டுதான். இரண்டு பக்கம் எழுதியவருக்கும் இரண்டுதான். கூடுதலாக எழுதிய ஒவ்வொரு வரியும் வேறொரு வினாவுக்கு உரிய நேரத்திலிருந்து எடுக்கப்பட்டது.

கணக்குப் பார்ப்போம். நம் மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வு முன்பு இரண்டு தாள்களாக இருந்தது. பின்னர் 100 மதிப்பெண் கொண்ட ஒரே தாளாக ஆக்கப்பட்டது. வினாத்தாளைப் படிக்கவும் விவரங்களை நிரப்பவும் தரப்படும் 15 நிமிடம் போக, எழுதுவதற்கு 3 மணி நேரம். அதற்குள் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10, எட்டு மதிப்பெண் வினாக்கள் 2 என மொத்தம் 36 விடைகள் எழுதவேண்டும். 14 சிறு வினாக்களுக்கும் சேர்த்து 15 நிமிடம். இரண்டு மதிப்பெண் வினா ஒவ்வொன்றுக்கும் 3 நிமிடமாக 30 நிமிடம். ஐந்து மதிப்பெண் வினா ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடமாக 100 நிமிடம். எட்டு மதிப்பெண் வினா ஒவ்வொன்றுக்கும் 15 நிமிடமாக 30 நிமிடம். ஆக 175 நிமிடம். மிச்சம் ஐந்தே நிமிடம். இதில் குறுவினா ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும் பிள்ளை, கடைசிப் பக்கத்தை வெறுமையாக விட்டுத்தான் எழும். நம் பிள்ளை இழந்த எட்டு மதிப்பெண் அறியாமையால் போனதன்று. அடக்கமின்றி ஓடிய பேனாவால் போனது.

அதே வினாத்தாளில் மனப்பாடத்துக்கும் உரிய இடம் இருக்கிறது. ஆங்கிலச் செய்யுளைப் பாராமல் எழுதும் வினாவுக்கு ஐந்து மதிப்பெண். அங்கே நம் மதரஸாப் பிள்ளைகள் சிறந்து விளங்குவார்கள், விளங்கட்டும். ஏனைய 95 மதிப்பெண்ணும் கேள்வியைக் காதுகொடுத்துக் கேட்பவருக்கு உரியவை.

வுளூவின் ஃபர்ளுகள் எத்தனை?

சுருக்கமாக விடை சொல்வது நம் பிள்ளைகளுக்குப் புதிய கலை என்று எண்ணவேண்டாம். அது அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கீழக்கரையிலோ, பெரியபட்டினத்திலோ, வேதாளையிலோ, பாம்பனிலோ ஷாஃபிஈ மத்ஹபின்படி ஓதும் ஒரு மக்தப் பிள்ளையை நிறுத்தி, வுளூவின் ஃபர்ளுகள் எத்தனை என்று கேட்டுப் பாருங்கள். "ஆறு" என்று சொல்லி, விரல்விட்டு எண்ணிக் காட்டும்: நிய்யத், முகம் கழுவுதல், முழங்கை உட்பட இரு கைகளையும் கழுவுதல், தலையில் சிறிதளவு மஸ்ஹு செய்தல், கரண்டை உட்பட இரு கால்களையும் கழுவுதல், இவற்றை வரிசைப்படி செய்தல். அவ்வளவுதான். கேட்டது ஃபர்ளு, சொன்னதும் ஃபர்ளு. வுளூவின் சிறப்புகளையோ, அது முறியும் காரியங்களையோ, தண்ணீரின் வகைகளையோ அந்தப் பிள்ளை இழுத்துக்கொண்டு வருவதில்லை.

இது தற்செயலாக அமைந்ததன்று. நம் முன்னோர்கள் கல்வியை அப்படித்தான் அடுக்கி வைத்தார்கள். முதலில் மத்னு, அது சுருக்கமான மூலம். பிறகு ஷரஹு, அது விரிவுரை. அதற்கும் மேல் ஹாஷியா. அது விரிவுரையின் மீதான குறிப்புரை. மலபார்க் கரையின் பொன்னானியில் வாழ்ந்த ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் 'குர்ரத்துல் ஐன்' என்னும் சுருக்க நூலை இயற்றி, அதற்குத் தாமே 'ஃபத்ஹுல் முஈன்' என்னும் விரிவுரையையும் எழுதினார்கள். சுருங்கச் சொல்லவேண்டிய இடம் ஒன்று. விரித்துச் சொல்லவேண்டிய இடம் வேறொன்று. இரண்டையும் அறிந்த ஒருவரே இரண்டையும் எழுதினார். இரண்டு மதிப்பெண் வினா மத்னு. ஐந்து மதிப்பெண் வினா ஷரஹு. மத்னு கேட்ட இடத்தில் ஷரஹு எழுதுவதும் பிழை. ஷரஹு கேட்ட இடத்தில் மத்னு எழுதி எழுந்து வருவதும் பிழை.

அரபு இலக்கணத்தின் முதல் பாடத்திலேயே 'கலாம்' என்றால் என்ன என்பதை மாணவர் படிக்கிறார். முழுமையான பேச்சு எது? அதைச் சொல்லி நிறுத்திக்கொண்டால், கேட்பவர் மேலும் ஒன்றை எதிர்பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லாத பேச்சு. மௌனம் பொருந்தி அமையும் இடம் வரை சென்ற பேச்சு. இதைவிடச் சிறந்த இலக்கணம் குறுவினாவின் விடைக்கு உண்டோ? எழுதி நிறுத்திய இடத்தில், கேள்வி கேட்டவர் நிறைவடைந்துவிட்டாரா? அடைந்துவிட்டார் எனில் பேனாவை எடுத்துவிட வேண்டும். இன்னும் ஏதோ காத்திருக்கிறது எனில் ஒரு வாக்கியம் கூட்டவேண்டும்.

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் நாற்பது ஹதீஸ் தொகுப்பில் இரண்டாவதாக இடம்பெறும் ஜிப்ரீல் (அலை) அவர்களின் ஹதீஸை நம்மில் பலர் பயானில் கேட்டிருப்போம். இஸ்லாம் என்றால் என்ன, ஈமான் என்றால் என்ன, இஹ்ஸான் என்றால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கப்படுகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய விடையை மட்டும் தருகிறார்கள். இஸ்லாத்தைக் கேட்டபோது ஐந்து கடமைகள். ஈமானைக் கேட்டபோது நம்பவேண்டிய ஆறு. ஒன்றின் விடை மற்றொன்றில் கலக்கவில்லை. மறுமை நாள் எப்போது என்று கேட்கப்பட்டபோது, கேட்டவரைவிடத் தாம் அதிகம் அறிந்தவர் அல்லர் என்று உரைத்து நிறுத்திக்கொண்டார்கள். அறிந்ததைக் கேட்ட அளவுக்குச் சொல்வதும், அறியாததை அறியேன் என்று சொல்வதும் ஒரே பண்பின் இரு பக்கங்கள்.

அளந்து எழுதுவது எப்படி?

நமக்குத் தெரிந்த அளவில், ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர்களிடம் கேட்டுத் தெளிந்தவற்றையும் சேர்த்துச் சில வழிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, கேள்விச் சொல்லைக் கண்டறிதல். யார், எங்கே, எப்போது, என்ன, ஏன், எப்படி என்பவற்றுள் எது கேட்கப்பட்டிருக்கிறது? அதன் கீழ் பென்சிலால் ஒரு கோடு. 'ஏன்' என்றால் காரணம் வரவேண்டும். 'எப்படி' என்றால் வழி வரவேண்டும். காரணம் கேட்ட இடத்தில் நிகழ்ச்சியை எழுதினால், நிகழ்ச்சி எவ்வளவு சரியாக இருந்தாலும் அது விடையாகாது.

இரண்டாவது, கேள்வியின் சொற்களைக் கொண்டே விடையின் முதல் வாக்கியத்தைத் தொடங்குதல். அந்தக் குஞ்சு ஏன் பறக்கவில்லை என்று கேட்டால், "அந்தக் குஞ்சு பறக்கவில்லை, ஏனெனில்" என்று தொடங்கவேண்டும். இப்படித் தொடங்கிவிட்டால் பேனா வேறு பாதையில் போக வழியே இராது. ஆங்கில வாக்கியத்தை அமைக்கத் தடுமாறும் பிள்ளைக்கும் பாதி வாக்கியம் கேள்வியிலிருந்தே கிடைத்துவிடும்.

மூன்றாவது, இரண்டு மதிப்பெண் எனில் இரண்டு செய்தி என்று மனத்தில் கொள்ளுதல். அல்ஃபோன்ஸ் தோதே எழுதிய 'கடைசிப் பாடம்' கதையும் பத்தாம் வகுப்பில் இருக்கிறது. ஃபிரான்ஸ் என்னும் சிறுவன் அன்று பள்ளிக்குப் போக ஏன் அஞ்சினான்? ஆசிரியர் ஹாமெல் இலக்கணத்தில் கேள்வி கேட்பதாகச் சொல்லியிருந்தார். அவனுக்கோ அதில் ஒன்றும் தெரியாது. இரண்டு செய்தி, இரண்டு மதிப்பெண். ஜெர்மனியரின் ஆணை, பிரெஞ்சு மொழியின் அருமை, ஊர்ப் பெரியவர்கள் கடைசி வாங்கில் வந்து அமர்ந்தது ஆகிய அனைத்தும் அழகானவையே. அவை நெடுவினாவில் வரட்டும்.

எறும்பும் சிள்வண்டும் பற்றிய செய்யுளையும் எடுத்துக்கொள்வோம். குளிர்காலத்தில் சிள்வண்டு ஏன் பட்டினி கிடந்தது? கோடையெல்லாம் பாடிக்கொண்டிருந்தது, உணவு எதையும் சேமித்து வைக்கவில்லை. அவ்வளவே. சோம்பல் கூடாது என்ற நீதியைக் கேட்கவில்லை எனில் எழுதவேண்டியதில்லை.

நான்காவது, சுருக்கம் என்பது குறைத்தல் அன்று. "பயம்" என்ற ஒரே சொல்லை எழுதிவிட்டு எழுவது விடையாகாது. எதற்குப் பயம் என்பதும் வரவேண்டும். முழு வாக்கியம் வேண்டும். எழுவாயும் பயனிலையும் வேண்டும். பாடநூலின் பயிற்சிகளும் ஓரிரு வாக்கியங்களையே கேட்கின்றன. ஒரு சொல்லும் போதாது. ஒரு பக்கமும் வேண்டாம்.

ஐந்தாவது, எழுதியபின் கேள்வியை மறுபடி ஒருமுறை படித்தல். கேட்டதற்கு விடை வந்துவிட்டதா? வந்துவிட்டது எனில் அடுத்த வினாவுக்குச் செல்லவேண்டும்.

இங்கே சிலர் ஒரு மறுப்பைச் சொல்வார்கள். "படிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் சொந்தமாக ஆங்கில வாக்கியம் எழுத முடியுமா? மனப்பாடம் செய்தாவது 35 எடுத்துத் தேறட்டுமே" என்பார்கள். இதில் உண்மை இருக்கிறது. ஒரே வகுப்பில் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு போராடும் ஆசிரியர்களின் சிரமத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. எதுவுமே வராத பிள்ளைக்கு மனப்பாடம் ஓர் ஊன்றுகோல்தான். அந்த ஊன்றுகோலையும் சிறியதாகவே கொடுக்கலாமே என்பதுதான் நமது கருத்து. பதினான்கு வரி மனப்பாடம் செய்யும் பிள்ளை, அதே உழைப்பில் ஏழு கேள்விகளுக்கான இரண்டிரண்டு வரிகளை மனனம் செய்யலாம். எந்த வரி எந்தக் கேள்விக்கு உரியது என்பதைத் தமிழில் விளங்கிக்கொண்டு மனனம் செய்தால் போதும்.

உம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள்

நமது கரையோர ஊர்களில் வாப்பாமார் பலர் வளைகுடாவிலும் சிங்கப்பூர், மலேசியாவிலும் இருக்கிறார்கள். சிலர் கடலில் இருக்கிறார்கள். பிள்ளையின் படிப்பைக் கவனிப்பவர் உம்மா. "எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே ஹஜ்ரத், நாங்க என்ன சொல்லிக்கொடுக்க முடியும்?" என்று கேட்கிறார்கள்.

உங்களால் முடியும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பாடத்தின் கதையைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நம் வீட்டுப் பெரியம்மாமார் நபிமார்களின் சரித்திரத்தைச் சொல்வார்களே, அதுபோலப் பிள்ளை உங்களுக்குக் கதை சொல்லட்டும். பிறகு கேள்வியைத் தமிழில் கேளுங்கள். பிள்ளை ஒரு வாக்கியத்தில் விடை சொல்லட்டும். கேட்டதை விட்டுவிட்டு வேறெங்கோ போனால் தடுங்கள்: "நான் அதைக் கேட்கலையேம்மா." இதைச் சொல்ல ஆங்கிலம் தேவையில்லை, காது போதும். அதன்பின் அதே வாக்கியத்தைப் பிள்ளை ஆங்கிலத்தில் எழுதட்டும். எழுத்துப் பிழையைப் பள்ளி ஆசிரியர் திருத்துவார். வழி தவறாமல் காக்கும் வேலை உங்களுடையது.

அந்தக் கதையில் வரும் குஞ்சு நம் பிள்ளைகளுக்கு அந்நியமானதும் அன்று. குளிர்காலத்தில் தனுஷ்கோடி அரிச்சல்முனைப் பக்கம் போனால் கடற்பறவைகள் கூட்டமாக இறங்குவதைக் காணலாம். பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் சென்று காட்டுங்கள். கண்ணால் கண்டதைப் பற்றி எழுதும்போது நோட்ஸின் துணை குறைந்துவிடும்.

தீனும் பள்ளிப் படிப்பும் ஒன்றையொன்று தின்றுவிடும் என்று அஞ்சுவோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். ராமேஸ்வரத்தின் பள்ளிவாசல் தெருவில் 1931-ல் பிறந்த அப்துல் கலாம் அவர்கள் சிறுவயதில் குர்ஆன் ஓதவும் சென்றார். பின்னர் ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் பயின்றார். ஓதும் இடத்தில் ஓதினார். படிக்கும் இடத்தில் படித்தார். இரண்டுக்கும் இடம் இருந்தது.

நம்மையும் திருத்திக்கொள்வோம்

பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு முன், நாம் நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தொழுகையை நீட்டுவதும் குத்பாவைச் சுருக்குவதும் ஒரு மனிதரின் மார்க்க விளக்கத்துக்கு அடையாளம் என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். நாமோ ஜும்ஆவுக்கு முந்திய பயானில் ஒரு தலைப்பைத் தொடங்கி, ஒன்பது தலைப்புகளைச் சுற்றி, கடிகாரத்தை யாராவது காட்டும்போது இறங்குகிறோம். மஸ்அலா கேட்டு வரும் ஒருவருக்குக் கூடும், கூடாது என்பதைச் சொல்லுமுன் நமது ஓதல் வரலாற்றையே சொல்லிவிடுகிறோம். பெரியவர்கள் இப்படி இருக்கும்போது பிள்ளைகள் பதினான்கு வரி எழுதுவதில் வியப்பென்ன?

நமது மதரஸாவில் இப்போது ஒரு சிறு மாற்றம் செய்திருக்கிறோம். சூராக்களை மனனம் செய்தபின், அதில் ஒரு கேள்வி கேட்கிறோம். மூன்றே ஆயத்துகள் கொண்ட சூரத்துல் அஸ்ரில், நஷ்டத்திலிருந்து தப்புவோர் யார் என்று கேட்டால், பிள்ளை ஒரே வாக்கியத்தில் தமிழில் சொல்லவேண்டும்: ஈமான் கொண்டு, நல்லமல்கள் செய்து, சத்தியத்தையும் பொறுமையையும் ஒருவருக்கொருவர் உபதேசித்துக்கொள்பவர்கள். முதல் வாரம் எல்லோரும் திணறினார்கள். முதலிலிருந்து ஓதத் தொடங்கினார்கள். இப்போது சிலர் நிறுத்தி, யோசித்து, பிறகு வாய் திறக்கிறார்கள். அந்தச் சிறிய மௌனத்தைக் கேட்பது நமக்கு எவ்வளவு இனிமையாக இருக்கிறது!

கப்றில் கேட்கப்படும் கேள்விகள் சுருக்கமானவை என்பதை நாம் அனைவரும் அறிவோம். உன் இறைவன் யார், உன் மார்க்கம் எது, இந்த மனிதரைப் பற்றி என்ன சொல்கிறாய். அவற்றின் விடைகளும் சுருக்கமானவையே. உள்ளத்தால் விளங்கி ஏற்றவர் விடை சொல்லிவிடுவார். நயவஞ்சகனோ, மக்கள் எதையோ சொன்னார்கள், நானும் அதைச் சொன்னேன், எனக்குத் தெரியாது என்பான் என்று ஹதீஸ்களில் வந்திருக்கிறது. பள்ளித் தேர்வை அந்தக் கேள்விக் கணக்கோடு ஒப்பிட நாம் துணியவில்லை. ஆனால் பிறர் சொன்னதைத் திரும்பச் சொல்வதற்கும், தான் விளங்கியதைச் சொல்வதற்கும் இடையிலுள்ள தூரத்தை ஒரு பிள்ளை பத்தாம் வகுப்பிலேயே உணர்ந்துகொண்டால், அது ஈருலகுக்கும் பயன் தரும்.

அன்று மாலை அந்தப் பிள்ளையை அங்கேயே உட்காரவைத்து, அதே கேள்விக்கு மறுபடியும் விடை எழுதச் சொன்னோம். தமிழில் சொன்னதை ஆங்கிலத்தில் எழுதினாள். இரண்டு வாக்கியம். ஒரு சொல்லின் எழுத்துக் கோர்வையில் சிறு பிழை. கடிகாரத்தைப் பார்த்தோம். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்து, "இது போதுமா ஹஜ்ரத்?" என்று கேட்டாள். அந்தக் குரலில் நம்பிக்கையைவிடத் தயக்கமே மிகுந்திருந்தது. கீழே விரிந்து கிடக்கும் கடலைப் பார்த்துச் சிறகு தாங்குமோ என்று தயங்கிய அந்தக் குஞ்சுதான் நம் நினைவுக்கு வந்தது.

"போதும்மா" என்றோம். அவளுடைய வாப்பாவிடமும் போனில் பேசியிருக்கிறோம். பொதுத்தேர்வு முடியும்வரை எந்த முடிவும் எடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். சரி என்றிருக்கிறார். பிள்ளை இப்போது நாள்தோறும் மஃரிபுக்குப் பின் இரண்டு கேள்விகள் எழுதிக்கொண்டுவந்து காட்டுகிறாள். இதுபோல உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அந்தப் பிள்ளையிடம் இன்றிரவே ஒரு கேள்வி கேளுங்கள். விடை வரும்வரை பொறுமையாக இருங்கள். விடை வந்ததும், போதும் என்று சொல்லுங்கள்.

பயனுள்ள கல்வியையும், கேட்டதை விளங்கும் உள்ளத்தையும், அளவறிந்து பேசும் நாவையும் நம் பிள்ளைகளுக்கும் நமக்கும் அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.